பொருள் ஓரிடம், மண் ஓரிடம்

துருக்கிக்குப் போகிறவர்களில் பலர் இஸ்தான்புல்லைச் சுற்றிவிட்டு, கப்படோக்கியாவில் பலூன் ஏறிவிட்டு, ஊர் திரும்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே அனத்தோலியப் பீடபூமி கிடக்கிறது. கடல் கிடையாது, பச்சை குறைவு. அறுவடை முடிந்த கோதுமைத் தாள், செம்மறி மந்தை, ஓடைக்கரையில் மட்டும் ஒரு வரிசை பாப்லார் மரங்கள். அந்த வெட்டவெளியில் அங்கங்கே மண்மேடுகள் எழும்பி நிற்கும். இயற்கையான குன்று என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பல மேடுகள் மனிதர்கள் உண்டாக்கியவை. வீடு இடிந்து, அதன் மேல் வீடு கட்டி, அதுவும் இடிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உயர்ந்தவை. நான் போனது இந்த மேடுகளுக்காக.

மேடுகளில் கிடைத்ததெல்லாம் இன்று மேடுகளில் இல்லை. சிறந்தவை அங்காராவில் இருக்கின்றன. சில இஸ்தான்புல்லில். சில நெடுங்காலம் பெர்லினில் இருந்தன. அதனால் முதலில் அங்காரா அருங்காட்சியகம், அங்கே எந்தப் பொருள் என்னைப் பிடித்து நிறுத்துகிறதோ அது வந்த மண்ணுக்கு அடுத்த பயணம் என்று தீர்மானித்துக்கொண்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது பாதிதான். மறு பாதி அது கிடந்த குழியில் இருக்கிறது. போகப் போக இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

அங்காராவின் பழைய ஊர் ஒரு பாறைக் குன்றைச் சுற்றி இருக்கிறது. உச்சியில் கோட்டை. 7ஆம் நூற்றாண்டில் பைசாந்தியர்கள் எதிரிக்கு அஞ்சி எழுப்பிய சுவரில், கைக்குக் கிடைத்த ரோமானியக் கல்லையெல்லாம் அடுக்கியிருக்கிறார்கள். கல்வெட்டு தலைகீழாக இருக்கிறது, தூண் துண்டு படுத்துக் கிடக்கிறது. ஓரிடத்தில் கடவுளர் சிலைகளே வரிசையாகப் பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டுச் செங்கல் வேலை பார்க்கின்றன. அந்தச் சுவரடியில் பெண்கள் உலர்ந்த மிளகாய்ச் சரமும் பின்னல் காலுறையும் விற்கிறார்கள்.

கோட்டைச் சரிவில் இருக்கிறது அனத்தோலிய நாகரிகங்களின் அருங்காட்சியகம். கட்டடமே பார்க்கத் தக்கது. இஸ்தான்புல்லை வென்ற சுல்தான் மெஹ்மத்தின் தலைமை அமைச்சர் மஹ்மூத் பாஷா 15ஆம் நூற்றாண்டில் கட்டிய கூரையிட்ட சந்தை அது. அங்காரா ஆட்டின் பட்டுப்போன்ற ரோமத்தில் நெய்த துணி அங்கே விலைபோனது. 1881இல் நேர்ந்த தீக்குப் பிறகு பாழாகக் கிடந்த இடத்தை, 1938இல் தொடங்கிப் பல ஆண்டுகள் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக மாற்றினார்கள். 1997இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியகம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. பத்துக் குவிமாடங்களின் கீழே, துணி மூட்டைகள் அடுக்கியிருந்த நடுக்கூடத்தில், இன்று ஹிட்டைட் சிங்கங்களும் தேர்களும் கல்லில் நிற்கின்றன.

என்னை நிறுத்தியவை நான்கு. ஒன்று, ஒரு சாண் உயரம்கூட வராத சுடுமண் பெண் உருவம். இரு பக்கமும் சிறுத்தை போன்ற விலங்குகளின் தலை மேல் கையூன்றி உட்கார்ந்திருக்கிறாள். பருத்த தொடை, சரிந்த வயிறு. சட்டல்ஹொயுக்கில் கிடைத்தவள், வயது சுமார் 8,000 ஆண்டு. தலை மட்டும் நம் காலத்தவர் செய்து பொருத்தியது. இரண்டு, அலஜாஹொயுக் கல்லறைகளில் கிடைத்த வெண்கல வட்டுகள். உள்ளே பின்னல் வேலையும் காளைக் கொம்பு போன்ற வளைவும் கொண்டவை. கம்பில் செருகிப் பிடித்தார்களா, வண்டியில் பூட்டினார்களா என்று இன்னும் வாதம் நடக்கிறது. மூன்று, கோர்டியனில் கிடைத்த மர மேசை. ஆணி இல்லாமல் பொருத்தி, இருநிற மரத்தில் கோலமிட்டது. நான்கு, ஹிட்டைட் பேரரசின் தலைநகர் ஹட்டுஷாவின் வாசலில் நின்ற வீரன். குட்டைக் கச்சை, கையில் கோடரி. மார்பு ரோமத்தைச் சுருள் சுருளாகக் கல்லில் வெட்டியிருக்கிறான் சிற்பி. கால்விரல் நகம்கூட விடவில்லை.

இவற்றையெல்லாம் தலைநகரில் கொண்டுவந்து சேர்த்ததில் ஓர் அரசியல் இருந்தது. 1923இல் குடியரசு பிறந்தபோது, பேரரசை இழந்து நின்ற துருக்கியருக்கு இந்த மண் ஆதியிலிருந்தே உங்களுடையது என்று சொல்ல வேண்டிய தேவை அதன் தலைவர்களுக்கு இருந்தது. ஒட்டோமானியருக்கு அப்பால், இஸ்லாத்துக்கும் அப்பால், ஹிட்டைட்டுகளையும் சுமேரியர்களையும் முன்னோராகக் கொண்டார்கள். 1933இல் தொடங்கிய அரசு நிறுவனத்துக்குச் சுமேர்பாங்க் என்று பெயர், 1935இல் தொடங்கியதற்கு எட்டிபாங்க். எட்டி என்றால் ஹிட்டைட். நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஹான்ஸ் குஸ்தாவ் கூட்டர்பாக், பென்னோ லான்ட்ஸ்பெர்கர் போன்ற அறிஞர்களை அங்காராவுக்கு அழைத்து ஆப்பெழுத்து மொழிகளைக் கற்பிக்க வைத்தார்கள். குடியரசைத் தோற்றுவித்த அத்தாதுர்க்கின் நினைவிடத்துக்குப் போகும் பாதையின் இரு புறமும் 24 சிங்கங்கள் ஹிட்டைட் பாணியில் படுத்திருக்கின்றன. அந்த வம்சாவளி வரலாற்றாய்வில் நிற்கவில்லை. ஆனால் அந்த வேகத்தில் பிறந்த அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் நிலைத்துவிட்டன, அதற்கு நாம் எல்லோருமே கடன்பட்டவர்கள்.

அங்காராவை விடுமுன் ஹாஜி பைராம் மசூதி. 15ஆம் நூற்றாண்டு மசூதியின் சுவரோடு ஒட்டி நிற்கிறது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் கோயில். அவர் தம் வாழ்நாள் சாதனைகளைத் தாமே எழுதி ரோம் நகரில் வெண்கலத்தில் பொறிக்கச் சொன்னார். அந்த வெண்கலம் அழிந்துவிட்டது. அதன் நகல், லத்தீனிலும் கிரேக்கத்திலும், இந்தச் சுவரில் தப்பியது. மூலம் போய் நகல் நின்ற இடம் இது. தொழுகைக்கு வந்த குடும்பங்கள் அதன் நிழலில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறார்கள்.

அங்காராவுக்குத் தென்மேற்கே, பொலாட்லியைத் தாண்டினால் யாஸ்ஸிஹொயுக் கிராமம். அதுதான் பழைய கோர்டியன், ஃப்ரீஜியர்களின் தலைநகரம். கி.மு. 333இல் அலெக்சாந்தர் அவிழ்க்க முடியாத முடிச்சை வெட்டினான் என்ற கதை இந்த ஊரைப் பற்றியது. 2023இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக்கியது. ஊரைச் சுற்றி வயல்களுக்கு நடுவே நூறுக்கும் மேற்பட்ட கல்லறை மேடுகள். பெரியது 53 மீட்டர் உயரம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ராட்னி யங் 1957இல் அதைத் திறந்தார். மேலிருந்து தோண்டினால் சரிந்துவிடும் என்பதால், துருக்கியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வரவழைத்துப் பக்கவாட்டில் சுரங்கம் வெட்டினார்கள்.

அந்தச் சுரங்கம் வழியாகத்தான் இன்றும் உள்ளே போகிறோம். வெளியே கண் கூசும் வெயில். பத்தடி உள்ளே போனதும் குளிர். கடைசியில் கம்பிக் கதவு. அதற்கு அப்பால் ஒரு மர அறை. வெளிப்புறம் ஜுனிப்பர் மரக்கட்டைகள், பட்டை உரித்து, உருட்டுத் தடியாக. உள்ளே செதுக்கிய பைன் பலகைகள். கி.மு. 740 வாக்கில் கட்டிய அறை அப்படியே நிற்கிறது. நிற்கும் மரக் கட்டடங்களில் உலகிலேயே மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். கம்பிக்கு மிக அருகில் ஒரு தடியின் வெட்டு முகம் தெரிந்தது. கோடரி விழுந்த ஒவ்வொரு தடமும் தனித்தனியாக இருக்கிறது. ஓரத்தில் கை நடுங்கியதுபோல ஒரு தப்பு வெட்டு, அதைச் சரிசெய்ய அடுத்து ஒன்று. மர வளையங்கள் விரல் நகத்தின் பிறைபோல நெருக்கமாக ஓடுகின்றன. அங்காராவில் அந்த மேசையைப் பார்த்தபோது அரச குடும்பத்துச் செல்வம் தெரிந்தது. இங்கே தெரிந்தது கூலிக்கு மரம் வெட்டிய ஆள்.

கல்லறைக்குள் இருந்தவர் அறுபது வயதைக் கடந்த ஓர் ஆண். தொட்டதெல்லாம் பொன்னாகும் என்று கிரேக்கர் கதை கட்டிய மிடாஸ் அரசன் இவனே என்று முதலில் நம்பினார்கள். காலக்கணக்கைப் பார்த்தால் மிடாஸின் தந்தையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பொன் ஒரு துணுக்கும் கிடைக்கவில்லை. கிடைத்தது 150க்கும் மேற்பட்ட வெண்கலப் பாத்திரங்கள், பாத்திரங்களின் அடியில் காய்ந்து ஒட்டிய எச்சம். பேட்ரிக் மெக்கவர்ன் குழு அதை ஆராய்ந்து சொன்னது: திராட்சை மது, பார்லி பீர், தேன் மது மூன்றும் கலந்த பானம். கூடவே நெருப்பில் வாட்டிய ஆடு அல்லது செம்மறி இறைச்சியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த குழம்பு. செத்தவருக்காக ஊரே கூடி உண்ட விருந்தின் மிச்சத்தோடு அறையை மூடியிருக்கிறார்கள்.

அந்த ஜுனிப்பர் தடிகள் இன்னொரு கதையையும் சொல்லின. வளைய எண்ணிக்கையும் அவற்றின் வேதியியலும் வைத்து 2023இல் வந்த ஆய்வு, கி.மு. 1198 முதல் 1196 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கடும் வறட்சி நிலவியது என்று காட்டியது. அதே காலகட்டத்தில்தான் கிழக்கே ஹிட்டைட் பேரரசு குலைந்தது. ஃப்ரீஜிய மன்னன் கல்லறைக்கு வெட்டிய மரத்துக்குள், நான் அடுத்து போகவிருந்த ஊரின் பஞ்சம் பதிவாகியிருக்கிறது.

எதிரே சாலைக்கு அப்பால் கோர்டியன் அருங்காட்சியகம், சிறியது. அரண்மனைப் பகுதியில் தரையாக இருந்த கூழாங்கல் கோலம் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. கருப்பு, சிவப்பு, வெள்ளைக் கற்கள், ஒழுங்கில்லாமல் சிதறிய வடிவங்கள். இந்த வகைத் தரைகளில் உலகின் மிகப் பழையவற்றுள் ஒன்று.

அங்காராவுக்குக் கிழக்கே, சோரும் மாகாணத்தில் போவாஸ்கலே. மலை இடுக்கில் ஒரு சின்ன ஊர். அதற்கு மேலே சரிவு முழுக்க ஹட்டுஷா. 1834இல் பிரெஞ்சுக்காரர் சார்லஸ் டெக்சியே இங்கே வந்தபோது இது யாருடைய நகரம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஹிட்டைட்டுகளை உலகமே மறந்திருந்தது. 1906இல் ஹூகோ விங்க்லரும் ஒட்டோமானிய அருங்காட்சியகத்தின் தியோடர் மக்ரிடியும் தோண்டத் தொடங்கிய ஆண்டிலேயே ஒரு களிமண் பலகை விங்க்லரின் கைக்கு வந்தது. எகிப்தில் கர்னாக் கோயில் சுவரில் சித்திர எழுத்தில் வெட்டியிருந்த அதே உடன்படிக்கை, அக்காடிய மொழியில். கி.மு. 1259இல் இரண்டாம் ராம்சேஸும் மூன்றாம் ஹட்டுசிலியும் செய்துகொண்டது. இரு பக்கத்து வாசகமும் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சமாதான ஒப்பந்தம். ஓடிவந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், ஆனால் திரும்பியவர்களைத் தண்டிக்கக் கூடாது, அவர்கள் கண்ணையும் காதையும் காலையும் சிதைக்கக் கூடாது என்றுகூட அதில் நிபந்தனை இருக்கிறது. அதன் நகல் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் இருக்கிறது.

இந்த ஊரில் பலகைகளும் துண்டுகளுமாகச் சுமார் 30,000 கிடைத்திருக்கின்றன. மித்தன்னி அரசோடு செய்த இன்னோர் உடன்படிக்கையில் சாட்சிக்கு அழைத்த தெய்வங்களில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்யர் பெயர்கள் வருகின்றன. ரிக் வேதம் பாடும் தெய்வங்கள், கி.மு. 14ஆம் நூற்றாண்டில், இந்தியாவிலிருந்து இவ்வளவு தூரத்தில். படித்தறிந்த செய்திதான். ஆனாலும் அந்தச் சரிவில் நின்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஹட்டுஷாவில் இன்று மிஞ்சியிருப்பது அடிக்கல். சுவர்கள் மண்ணால் ஆனவை, கரைந்துவிட்டன. சுவர் எப்படி இருந்திருக்கும் என்று காட்ட, ஜெர்மன் தொல்லியல் நிறுவனம் 2003 முதல் 2005 வரை 65 மீட்டர் நீளத்துக்கு மண்செங்கல்லில் ஒரு பகுதியைக் கட்டி நிறுத்தியிருக்கிறது. பெரிய கோயிலில் தானியச் சாடிகள் பாதி மண்ணில் புதைந்து நிற்கின்றன. ஓர் அறையில் பச்சை நிறக் கல் ஒன்று, பெட்டிபோலச் செதுக்கி வழவழப்பாகத் தேய்த்தது. எதற்கு என்று யாருக்கும் தெரியாது. வருகிறவர்கள் எல்லோரும் அதன் மேல் கைவைத்து வேண்டிக்கொள்கிறார்கள். நானும் வைத்தேன். வெயிலிலும் அது குளிர்ந்திருந்தது.

சரிவேறிப் போனால் மூன்று வாசல்கள். சிங்க வாசலின் சிங்கங்கள் அவற்றின் இடத்திலேயே நிற்கின்றன, வாயைத் திறந்து ஊரைக் காக்கின்றன. அரச வாசலில் கோடரி ஏந்திய வீரன் நிற்கிறான், ஆனால் இவன் நகல். மூலத்தை நான் அங்காராவில் பார்த்தாகிவிட்டது. அங்கே புரியாத ஒன்று இங்கே புரிந்தது. அங்கே அவன் நம்மை நேர்கொள்ளும் காவலன்போல இருந்தான். இங்கே அவன் வாசலின் உட்புறம் இருக்கிறான். ஊரைவிட்டுப் புறப்படுகிறவர்கள்தான் அவனைப் பார்த்தார்கள். அவன் முகம் காலியாகிக் கிடக்கும் நகரத்தை அல்ல, வாசலையே நோக்கியிருக்கிறது. அருங்காட்சியகத்து விளக்குக்குக் கீழே இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

உச்சியில் யெர்கப்பி. கல் பாவிய செயற்கை மேடு, அதன் வயிற்றில் 70 மீட்டர் நீளச் சுரங்கப் பாதை. பெருங்கற்களைச் சாய்த்துச் சாய்த்து முக்கோணமாகக் கூட்டியிருக்கிறார்கள். 3,200 ஆண்டுக்கு மேல் ஆகியும் ஒரு கல் நகரவில்லை. 2022இல் இந்தப் பாதையின் சுவர்களில் சாயத்தால் தீட்டிய சித்திர எழுத்துகள் 200க்கும் மேல் கண்டுபிடித்தார்கள். நூறாண்டுக்கு மேலாக அறிஞர்கள் நடந்து போய் வந்த பாதை அது.

இதன் மேலே இருந்த வாசலின் காவல் சிலைகள் ஸ்ஃபிங்ஸ்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் இரண்டைப் பழுதுபார்க்கவென்று ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்று 1924இல் திரும்பி வந்தது. மற்றது பெர்லின் அருங்காட்சியகத்தில் சுவரோடு பதிந்து நின்றது. ஜெர்மனிக்குப் போயிருந்த களிமண் பலகைகளில் 7,400, 1987இல் திரும்பின. ஸ்ஃபிங்ஸ் திரும்பியது 2011இல். அங்காராவுக்கோ இஸ்தான்புல்லுக்கோ அதைக் கொண்டுபோகாமல், 1924இல் வந்ததையும் சேர்த்து, போவாஸ்கலே ஊரின் சின்ன அருங்காட்சியகத்திலேயே இரண்டையும் நிறுத்தினார்கள். இந்தப் பயணத்தில் நான் பார்த்த முடிவுகளிலேயே நேர்த்தியானது இது. ஒட்டுப்போட்ட தடங்கள் தெரிகின்றன. நெற்றியருகே சுருண்ட முடி, பெண் முகம், சிங்க உடல், இறக்கை. காவலுக்கு இருந்தவர் கையால் மலைப்பக்கம் சுட்டிக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே அந்தச் சரிவு தெரிகிறது.

பக்கத்தில் யாஸிலிகயா, கூரையில்லாத பாறைக் கோயில். சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையே இரண்டு வெளிகள். பெரியதில் ஆண் தெய்வங்கள் இடப்புறமும் பெண் தெய்வங்கள் வலப்புறமும் ஊர்வலமாக வந்து நடுவே சந்திக்கிறார்கள். மழைத் தெய்வம் தெஷூப் இரண்டு மலைத் தெய்வங்களின் வளைந்த கழுத்தில் கால் வைத்து நிற்கிறார். சின்ன வெளிக்குள் நுழையும் இடுக்கு ஓர் ஆள் அகலம். உள்ளே பன்னிரண்டு தெய்வங்கள் அரிவாள் போன்ற வாளைத் தோளில் சாய்த்து ஓடுகிறார்கள். எதிரே ஷர்ரும்மா தெய்வம் நான்காம் துத்ஹாலியா மன்னனைத் தோளணைத்துக்கொண்டு நடக்கிறது. மண் மூடிக் கிடந்ததால் இந்தப் பகுதி தேயவில்லை. மன்னனின் தோளில் படிந்த அந்தக் கையில் அன்பு இருக்கிறது. அவ்வளவு அதிகாரம் பண்ணின அரசர்கள் சாவுக்குப் பிறகு ஒரு துணையை வேண்டியிருக்கிறார்கள்.

ஹட்டுஷா நகரம் எப்படிக் காலியானது? எதிரி புகுந்து ஒரே நாளில் எரித்தான் என்று முன்பு எழுதினார்கள். இப்போது தொல்லியலாளர்கள் சொல்வது வேறு. பெரிய கட்டடங்கள் எரிந்தபோது அவற்றில் பொருள் எதுவுமே இருக்கவில்லை. அரசவை முன்னமே பெயர்ந்துவிட்டது. கோர்டியன் மரத்திலிருந்த மூன்று வறட்சி ஆண்டுகளை வைத்துப் பார்த்தால், தானியச் சாடிகள் அடியில் தட்டிய பிறகு புறப்பட்டிருக்க வேண்டும்.

அலஜாஹொயுக் கிட்டத்தில்தான். 1935இல் துருக்கிய வரலாற்றுக் கழகம், வெளிநாட்டார் தலைமை இல்லாமல், அத்தாதுர்க்கின் ஊக்கத்தில் தோண்டிய முதல் பெரிய இடங்களில் ஒன்று. வெண்கல வட்டுகள் வந்த 13 கல்லறைகள் இங்கே. அவற்றை ஹிட்டைட் சூரியன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், 1978இல் அங்காராவின் சாலைச் சந்திப்பில் பெரிதாகச் செய்தும் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அவை ஹிட்டைட் அரசு எழுமுன் பல நூற்றாண்டு மூத்தவை. கல்லறைக் கூரை மேல் மாட்டுத் தலையும் கால்களும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. மீதி இறைச்சி விருந்துக்குப் போயிருக்கும். இங்கும் வாசலில் ஸ்ஃபிங்ஸ்கள் நிற்கின்றன. ஒன்றின் உட்பக்கத்தில் இரு நகங்களிலும் முயலைப் பற்றிய இரட்டைத் தலைக் கழுகு. சுவரடியில் ஏணி ஏறும் கழைக்கூத்தாடிகளும் வாள் விழுங்குகிறவனும் செதுக்கப்பட்ட கற்கள் நகல்கள், மூலம் அங்காராவில். ஒரு பேரரசின் வாசலில், தெய்வத்துக்கும் மன்னனுக்கும் அடுத்து, வித்தை காட்டுகிறவனுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

கைசேரி ஊருக்கு மேலே எர்ஜியெஸ் எரிமலை, 3,917 மீட்டர், கோடையிலும் உச்சியில் பனிக்கோடு. ஊர் பஸ்துர்மா என்னும் மசாலா பூசிய உப்புக்கண்டத்துக்குப் பேர்போனது. 1206இல் செல்ஜுக் இளவரசி கெவெர் நெசிபே பேரில் எழுந்த மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் இன்று அருங்காட்சியகம். மனநோயாளிகளுக்கென்று தனி அறை வரிசை அங்கே இருக்கிறது. ஆனால் நான் கைசேரிக்கு வந்தது குல்டெபேக்காக.

ஊருக்கு வடகிழக்கே குல்டெபே, பழைய பெயர் கனேஷ். நாலாயிரம் ஆண்டுக்கு முன் இன்றைய ஈராக்கின் அசூர் நகரிலிருந்து வணிகர்கள் கழுதைகளில் வெள்ளீயமும் துணியும் ஏற்றி, ஆறு வாரம் நடந்து, சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி இங்கே வந்து, வெள்ளியும் பொன்னும் வாங்கிப் போனார்கள். மேட்டடியில் அவர்கள் குடியிருப்பு. வீடுகளுக்குள் 23,000க்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்தன: கணக்கு, கடன் பத்திரம், வழக்கு, கடிதம். அறிஞர்கள் பெரிய மேட்டைத் தோண்டித் தோண்டி ஏமாந்தார்கள். பலகைகள் பக்கத்து வயலில் இருந்தன என்பதை 1925இல் பெட்ரிஷ் ஹ்ரோஸ்னி உள்ளூர்க்காரர்கள் வழியாகத்தான் அறிந்தார். ஹிட்டைட் மொழியின் புதிரை அதற்குப் பத்தாண்டு முன்பே அவிழ்த்தவர் அவர். 1948 முதல் தஹ்சின் ஓஸ்குச் தம் வாழ்நாள் முழுவதையும் இந்த மேட்டுக்குக் கொடுத்தார்.

கைசேரி கோட்டைக்குள் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தில் அந்தக் கடிதங்களில் சில உண்டு. உள்ளங்கையில் அடங்கும். களிமண் கடிதத்துக்குக் களிமண்ணிலேயே உறை, உறையின் மேல் முத்திரை உருட்டிய தடம். ஒன்றில் உறை பாதி உடைந்து, உள்ளிருந்து கடிதத்தின் ஒரு மூலை எட்டிப் பார்க்கிறது. இடம் போதாமல் கடைசி வரியை ஓரத்தில் வளைத்து எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களில் பெண்கள் பலர். அசூரில் இருந்த லமஸ்ஸி, கனேஷில் இருந்த கணவன் புசுகேனுக்குத் துணி நெய்து அனுப்பினாள். தான் அனுப்பிய துணிக்குரிய வெள்ளி முழுதாக வரவில்லை என்று கேட்டாள், மகள் வளர்ந்துவிட்டாள், வந்து பாருங்கள் என்று அழைத்தாள். தராம்குபி என்ற இன்னொருத்தி, வீட்டில் இருந்ததையெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விட்டு என்னைச் செலவாளி என்கிறீர்களா என்று கணவனிடம் சண்டை போட்டாள். மன்னர்களின் சாதனைக் கல்வெட்டு எத்தனை படித்தாலும் இவர்களில் ஒருத்தி தரும் நெருக்கம் கிடைப்பதில்லை. குல்டெபே மேட்டில் நின்றால் அடிக்கல் வரிசைகளும் இடுக்குச் சந்துகளும் தெரிகின்றன. புசுகேன் போன்றவர்கள் அந்தச் சந்துகளில்தான் கழுதையை ஓட்டினார்கள்.

கப்படோக்கியாவைப் பற்றி எழுதியவர்கள் அநேகர், நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கொரெமே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் கரன்லிக் கிலிசே என்னும் இருட்டுத் தேவாலயம். ஒரு சின்னத் துளை வழியாக மட்டும் வெளிச்சம் வந்ததால் அதன் சுவரோவியங்களின் நீலம் மங்கவில்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கிரேக்க மரபுக் கிறிஸ்தவர்கள் 1923இன் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம்வரை வாழ்ந்தார்கள். அவர்களில் பலர் பேசியது துருக்கி மொழி, எழுதியது கிரேக்க எழுத்தில். மொழி தெரியாத கிரேக்கத்துக்கு மதத்தை வைத்து அவர்களை அனுப்பினார்கள். ஓவியங்கள் இருக்கின்றன, அவற்றின் முன் மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் இல்லை. இங்கே பெயர்த்தெடுத்தது பொருளை அல்ல, ஆட்களை.

மேற்கே திரும்பி அக்சராய் வழியாகக் கொன்யா. வழியில் சுல்தான்ஹனி, 1229இல் அலாவுதீன் கைகுபாத் கட்டிய வணிகர் சத்திரம். வாசலின் கல் வேலைப்பாட்டுக்கு முன் நெடுநேரம் நின்றேன். உள்ளே ஒட்டகங்களுக்கான கூடம் ஒரு பேராலயம் போல உயர்ந்திருக்கிறது.

கொன்யாவுக்குத் தென்கிழக்கே சமவெளியில் சட்டல்ஹொயுக். கி.மு. 7000க்குச் சற்று முன் தொடங்கி ஆயிரம் ஆண்டுக்கு மேல் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர். தெரு கிடையாது. வீட்டோடு வீடு ஒட்டியிருந்தது, கூரையில் நடந்து, கூரைத் துளையில் ஏணி வைத்து இறங்கினார்கள். 1958இல் ஜேம்ஸ் மெல்லார்ட் கண்டுபிடித்தார், 1993 முதல் கால் நூற்றாண்டு இயன் ஹோடர் குழு தோண்டியது. மாதிரி வீடு ஒன்றில் இறங்கிப் பார்க்கலாம். அடுப்பு ஒரு பக்கம், படுக்கும் திண்ணை ஒரு பக்கம், திண்ணைக்குக் கீழே அந்த வீட்டில் இறந்தவர்கள். வெண்மண் பூச்சை ஆண்டுதோறும் புதுப்பித்திருக்கிறார்கள். கூரையிட்ட அகழ்வுக் குழியில் ஒரு சுவரின் வெட்டு முகத்தில் அந்தப் பூச்சுகள் மெல்லிய கோடுகளாக, இடையிடையே புகைக்கரி படிந்து, எண்ண முடியாத நெருக்கத்தில் தெரிகின்றன. ஒரு கோடு ஓர் ஆண்டு. ஒரு குளிர்காலத்து அடுப்புப் புகை.

அங்காராவில் தாய்த் தெய்வம் என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணை மெல்லார்ட் எடுத்தது ஒரு தானியக் குதிரிலிருந்து. அதைத் தெய்வம் என்று சொல்வதா, மூதாட்டி என்பதா என்று ஹோடர் காலத்து ஆய்வாளர்கள் மெல்லார்ட்டோடு முரண்பட்டார்கள். எனக்கு அந்தக் குதிரே போதுமானதாக இருந்தது. யாரோ ஒருவர் அவளைக் குடும்பத்தின் சோற்றுக்குக் காவலாக வைத்திருக்கிறார். பீடமும் ஒளிவிளக்கும் இதைச் சொல்லாது.

கொன்யாவில் மெவ்லானா அருங்காட்சியகம். 1273இல் மறைந்த சூஃபிக் கவிஞர் ஜலாலுத்தீன் ரூமியின் அடக்கத்தலம். 1925இல் குடியரசு தர்வேஷ் மடங்களையெல்லாம் சட்டம் போட்டு மூடியது, 1927இல் இது அருங்காட்சியகமாகத் திறந்தது. இல்கான் வம்ச மன்னன் அபூ சயீத் தந்த வெண்கலக் கலசம் கூடத்தில் இருக்கிறது, ஏப்ரல் மழையைப் பிடித்து வைத்தது. பார்வையாளர்கள் அதைப் படம் எடுக்கிறார்கள். அப்படியே நகர்ந்து தலைப்பாகை சூடிய கல்லறைக்கு முன் வந்ததும் கேமராவைத் தாழ்த்தி உள்ளங்கைகளை விரிக்கிறார்கள். இங்கே மட்டும் பொருளும் மண்ணும் பிரியவில்லை. சட்டம் பெயரை மாற்றியது, வருகிறவர்கள் மாறவில்லை.

வெளி முற்றத்தில் மடத்துச் சமையலறை. தர்வேஷ் ஆக விரும்பியவர் முதலில் வாசலோரத் தோலில் மூன்று நாள் உட்கார்ந்து வேலையைப் பார்க்க வேண்டும். பிடித்தால் 1,001 நாள் பணிவிடை. சுழலாட்டம் பழகியதும் இதே அறையின் பலகையில், கால்விரல் இடுக்கில் ஓர் ஆணியைப் பிடித்துக்கொண்டு. அடுப்பை வைத்துத்தான் ஞானத்துக்குள் விட்டார்கள்.

மெராம் பக்கம் ரூமியின் சமையல்காரர் அத்தேஷ்பாஸ் வேலிக்குத் தனிக் கல்லறை இருக்கிறது. 1285இல் இறந்தவர். சமையல்காரருக்கு இப்படிக் கூம்புக் கூரைக் கல்லறை கட்டிய ஊர் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அங்கே உப்பு வைத்திருக்கிறார்கள். ஒரு சிட்டிகை எடுத்துப் போய் வீட்டு உப்பில் கலந்தால் அடுக்களையில் குறைவே வராது என்பது நம்பிக்கை. முக்காடிட்ட ஒரு பாட்டி காகிதப் பொட்டலம் மடித்து, தனக்கு ஒன்றும் பேத்திக்கு ஒன்றும் எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி எனக்கும் ஒன்று மடித்துக் கொடுத்தார்.